ஒலிபெருக்கி வேண்டாத கூட்டம்

ஒலிபெருக்கி நமக்குப் புதிதன்று. முச்சந்தியிலே நின்று முழங்கியிருக்கிறோம். மழையிலே நனைந்தபடி மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். எந்த வரிக்குக் கைதட்டல் எழும், எந்தச் சொல்லுக்குச் சிரிப்பு வெடிக்கும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அந்தத் திறமைதான் ஒரு நாள் நம்மைத் தலைகுனிய வைத்தது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

ஆலைத் தொழிலாளர் நிறைந்த ஓர் ஊரிலே பொதுக்கூட்டம். பேச்சு பாதியில் இருக்கும்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார், தள்ளாடினார், ஏதோ முழக்கமிட்டார், விழுந்தார். நமக்குத் தெரிந்தவர்தான். அந்த ஊரிலே சுவர் எழுதுபவர். முதல் நாள் இரவு முழுவதும் ஏணியிலே நின்று, அந்தக் கூட்டத்துக்கான அறிவிப்பைச் சுவர் சுவராக எழுதியவரும் அவரே. நாம் என்ன செய்தோம்? இறங்கி வந்து கை கொடுத்தோமா? இல்லை! ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "பூமி சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்திலே படித்தோம், நமது தோழர் அதை மெய்ப்பித்துக் காட்டுகிறார்!" என்றோம். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஓரத்திலே போட்டார்கள். நாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அன்றைய பேச்சின் தலைப்பு என்ன தெரியுமா, தோழர்களே? 'மனிதனை மனிதன் மதிக்கும் நாள்'!

ஓராண்டுக்கு மேல் அவரைக் காணவில்லை. சுவர்களிலே வேறு கையெழுத்து. பிறகு ஒரு மாலை, படிப்பகத்துக்கு வந்தார். வெளுத்த சட்டை, வாரிய தலை, நடுங்காத கை. நமக்குத்தான் நா நடுங்கிற்று. அன்று பேசியதற்கு வருத்தம் சொன்னோம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லேண்ணே. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போற வழியிலே இன்னொரு குவார்ட்டர் வாங்கினேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! நம் நாவன்மையின் விளைச்சல், இன்னொரு குவார்ட்டர்!

"எப்படி விட்டீர்கள், தோழர்?" என்றோம்.

"விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேண்ணே. இன்னைக்குக் குடிக்கல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க, காட்டுறேன்."

போனோம். வெளியாரும் வந்து பார்க்கலாம் என்று வைத்திருந்த நாள் அது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. கரும்பலகையிலே பிள்ளைகள் போட்ட பெருக்கல் கணக்கு இன்னும் அழியவில்லை. மேடை இல்லை, மாலை இல்லை, தலைவர் முன்மொழிவு இல்லை, வழிமொழிவு இல்லை, பொன்னாடை இல்லை. பதினைந்து பேர் இருக்கலாம். ஆட்டோ ஓட்டுபவரும் அலுவலகத்திலே கோப்பு பார்ப்பவரும் ஒரே பெஞ்சிலே. ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். "நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். தன் கதையை, தன் கதையை மட்டும், சொன்னார்கள். குறுக்கே பேசுவார் இல்லை. குற்றம் கூறுவார் இல்லை. அறிவுரை அருளுவாரும் இல்லை. அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவர்கள் நெறி. ஆகவே யார் என்ன சொன்னார் என்று இங்கே எழுதமாட்டோம். ஒன்றை மட்டும் எழுதுகிறோம்.

முதல் தடவையாக வந்திருந்தார் ஓர் இளைஞர். பேசவில்லை, யாரும் பேசச் சொல்லவுமில்லை. தேநீர் வந்தது. நம் சுவர் எழுதும் தோழர்தான் ஊற்றிக் கொடுத்தார். எல்லோருக்கும் முழுத் தம்ளர். அந்த இளைஞருக்கு மட்டும் பாதித் தம்ளர். வெளியே வந்ததும் கேட்டோம், ஏன் என்று.

"புதுசா வந்தவனுக்குக் கை நடுங்கும்ணே. முழுசா ஊத்தினா சிந்தும். சிந்தினா வெக்கப்படுவான். வெக்கப்பட்டா அடுத்த வாரம் வரமாட்டான்."

மாலையிலே பேசி, மறுநாள் இதழிலே எழுதி, மக்களைத் திருத்தப் புறப்பட்ட நமக்கு இது தெரியுமா? எந்த நூலிலே படித்தார் அவர்? நடுங்கிய கைக்குத்தான் நடுங்கும் கையின் துயர் தெரியும். சங்கதி அவ்வளவே!

இந்தச் சங்கதி பிறந்த கதையைக் கேளுங்கள். அமெரிக்காவிலே, ஒகையோ மாநிலத்திலே, ஏக்ரன் என்றோர் ஊர். மோட்டார் வண்டிக்கு டயர் செய்யும் ரப்பர் ஆலைகளால் பெயர் பெற்ற தொழிலாளர் நகரம். 1935-ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்பவர் வாணிப வேலையாக அங்கே வந்தார். நியூயார்க் பங்குச் சந்தையிலே புழங்கியவர், குடியாலே குட்டிச்சுவரானவர், ஐந்து மாதமாகத்தான் தெளிந்திருந்தார். வந்த காரியம் தோற்றது. மேஃபிளவர் விடுதியின் முன்கூடத்திலே தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், சிரிப்பொலி. இன்னொரு பக்கம் தொலைபேசி. கால் மதுக்கூடத்தை நாடிற்று. கை தொலைபேசியை எடுத்தது. எதற்கு? மருத்துவரைக் கூப்பிடவா? காவலரைக் கூப்பிடவா? இல்லை, 'என்னைப் போன்ற குடிகாரர் ஒருவர் இந்த ஊரிலே இருந்தால் அவரோடு பேச வேண்டும்' என்பதற்காக!

கிடைத்தார் ஒருவர். பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கத்தி பிடிக்கும் கை குடியாலே நடுங்கிற்று. படித்த மருத்துவர், குடி உடலை என்ன செய்யும் என்பதைப் பிறருக்குச் சொல்லத்தக்கவர், தம்மைக் காத்துக்கொள்ள முடியாதவர். 'பதினைந்து நிமிடம், அதற்குமேல் இருக்கமாட்டேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வில்சனைப் பார்க்க வந்தார். இருந்ததோ ஆறு மணி நேரத்துக்கு மேல்! காரணம், வந்தவர் உபதேசம் செய்யவில்லை. 'நான் இப்படி விழுந்தேன்' என்று மட்டும் சொன்னார். இடையிலே ஒரு முறை ஸ்மித் சறுக்கினார். 1935 ஜூன் 10, அவர் கடைசியாகக் குடித்த நாள். அந்த நாளையே 'பெயர் அறியாக் குடிநோயாளர்' அமைப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1957-இல் டில்லியிலே இந்திய மண்ணிலும் அது முளைவிட்டது. தமிழ்நாட்டு நகரங்களிலும் இன்று அதன் கூட்டங்கள் நடக்கின்றன.

அதற்கும் முன்னே ஒரு கதை உண்டு. அது நமக்கே எச்சரிக்கையான கதை. 1840-இல் பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றிலே ஆறு நண்பர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தையற்காரர், ஒருவர் தச்சர், இருவர் கருமார், ஒருவர் வண்டி செய்பவர், ஒருவர் வெள்ளி வேலைக்காரர். உழைப்பாளிகள்! இனிக் குடிப்பதில்லை என்று கூடி உறுதி எடுத்தார்கள். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் பெயரால் 'வாஷிங்டனியர்' என்று சங்கம் கண்டார்கள். சில ஆண்டுகளிலே இலட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். 1842 பிப்ரவரி 22-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அந்தச் சங்கத்தார் முன்னே பேசினார் ஓர் இளம் வழக்கறிஞர். ஆபிரகாம் லிங்கன் அவர் பெயர். குடிப்பவரைத் திட்டித் திருத்த முயன்றவர்கள் தோற்றது ஏன் என்று விளக்கினார். விழாதவர்கள் விழுந்தவர்களைவிட உயர்ந்தவர்கள் அல்லர், அந்த வேட்கை இல்லாததாலே தப்பியவர்கள் என்ற கருத்துப்படப் பேசினார்.

அவ்வளவு பெரிய சங்கம் என்னவாயிற்று? பத்தாண்டு நிறைவதற்குள் பெரும்பாலும் கலைந்தது! மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை, மதச் சண்டை, மேடைப் பேச்சாளர்களின் பெருமைச் சண்டை ஆகியவை உள்ளே புகுந்தன என்று வரலாறு எழுதினோர் காரணம் காட்டுகிறார்கள். மேடை வந்தது, மருந்து போயிற்று! பின்னாளில் வந்த அமைப்பு, அரசியலிலே தலையிடுவதில்லை, வெளியார் பணம் வாங்குவதில்லை, உறுப்பினர் பெயரை விளம்பரப்படுத்துவதில்லை என்று விதி வகுத்து, 1950-இல் கிளீவ்லாந்து மாநாட்டிலே ஏற்றுக்கொண்டது. ராக்பெல்லரிடமே ஒரு காலத்தில் உதவி கேட்டார்கள். எண்ணெய்ச் சீமானின் மகனார், அள்ளிக் கொடுக்க முடிந்தவர். கொஞ்சம் கொடுத்தார், மிகுதியாகக் கொடுத்தால் பணமே இதைக் கெடுத்துவிடும் என்று நிறுத்திக்கொண்டார். சீமானுக்கே புரிந்தது, செயல்வீரருக்குப் புரியக்கூடாதா?

இங்கேதான் நமது சிக்கல் தொடங்குகிறது. "கூட்டம் போட்டால் குடி நிற்குமா? கடையை மூடச் சொல்லும் ஐயா!" என்பார்கள். கடையைப் பற்றிய வாதம் நமக்குத் தெரியாததா? 1937-இல் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கு வந்தது, 1971-இல் விலகியது, 1974-இல் திரும்பியது, பிறகு மீண்டும் போயிற்று. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கையிலே. வெவ்வேறு ஆட்சிகள், வெவ்வேறு வாதங்கள்! அந்த வாதம் நடக்கட்டும். நாமும் அதிலே பேசுவோம். ஆனால், இன்று இரவு எட்டு மணிக்குக் கடை வாசலிலே நின்று, போவதா திரும்புவதா என்று தவிக்கிறானே ஒருவன், அவனுக்கு நமது தீர்மானம் என்ன செய்யும்? அவனுக்கு வேண்டியது ஒரு தொலைபேசி எண். மறுமுனையிலே, 'இரு, வருகிறேன்' என்று சொல்லும் ஒரு குரல்.

இதெல்லாம் உருக்கமான கதை மட்டுந்தானா? கணக்கு உண்டா? உண்டு. 2019-இல் வெளியான இந்திய அரசின் ஆய்வு, நாட்டிலே ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றது. அவர்களிலே மதுவுக்கு அடிமையானவர்களை எடுத்துக்கொண்டால், 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர்? 2020-இல் காக்ரேன் என்ற ஆய்வமைப்பு, 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய விவரங்களை, ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. குடியை அறவே விட்டு நிற்பதிலே, முறையாக இந்தக் கூட்டங்களுக்கு ஆற்றுப்படுத்தும் வழி, வேறு பெயர்பெற்ற உளச் சிகிச்சைகளைவிட மேலான பயன் தந்தது என்று கண்டது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லவில்லை. பலருக்குப் பலிக்கிறது, செலவும் குறைவு என்றது.

"அதெல்லாம் சரி, அங்கே கடவுள் பெயர் அடிபடுகிறதே! பகுத்தறிவாளர் போகலாமா?" என்று ஒரு தோழர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1939-இல் அவர்கள் வெளியிட்ட நூலிலே கடவுள் வருகிறார். ஆனால், 'அவரவர் உணர்ந்தபடி' என்ற அடைமொழியோடு வருகிறார். அந்த அடைமொழியைச் சேர்க்கவைத்தவர்கள், அந்தக் கூட்டத்திலேயே இருந்த நம்பிக்கையற்றவர்கள்! 1975-இல் சிகாகோவிலே நாத்திகருக்கென்றே ஒரு குழு தொடங்கிற்று. கடவுளையே பேசாத ஸ்மார்ட் ரிக்கவரி என்ற தனி அமைப்பும் 1994 முதல் அமெரிக்காவிலே இருக்கிறது. அங்கே நாத்திகனுக்கும் ஒரு நாற்காலி உண்டு. நம் ஊரிலே அப்படி ஒரு குழு இல்லையென்றால், தொடங்குவோம்! ஆத்திகனும் நாத்திகனும் ஒரே கடையிலேதானே குடித்தார்கள்? ஒரே பெஞ்சிலே உட்கார்ந்து தெளியக்கூடாதா?

குடிநோயாளியையாவது சிரித்து விரட்டுகிறோம். மனநோயாளியை? கட்டி வைக்கிறோம்! 2001 ஆகஸ்ட் 6 நினைவிருக்கிறதா? இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியற்காலையிலே கொட்டகையிலே தீ. உள்ளே இருந்தவர்கள் ஓட முடியவில்லை. காரணம், கால்களிலே சங்கிலி! 28 உயிர்கள் கருகின. அவர்கள் செய்த குற்றம் நோயுற்றது. அவர்களைக் கொன்றது தீ மட்டுந்தானா? 'பேய் பிடித்திருக்கிறது' என்ற பேதைமை. 'வெளியே தெரிந்தால் மானம் போகும்' என்ற மயக்கம். 2017-இல் வந்த மனநலச் சட்டம், எந்த வகையிலும் சங்கிலியிட்டுப் பூட்டக்கூடாது என்கிறது. சட்டம் காலின் சங்கிலியை அறுக்கும். நாக்கின் சங்கிலியை யார் அறுப்பது? 'எனக்கு மனநோய் வந்தது, மருந்து சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன்' என்று ஆலை வாசலிலே ஒரு தோழர் வெளிப்படையாகச் சொல்ல முடிகிறதா?

சொன்னவர்கள் இருந்தார்கள். நியூயார்க்கை அடுத்த ராக்லாண்டு மனநோய் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த சிலர், 1940-களிலே தாங்களாகவே ஒரு குழுவாகக் கூடினார்கள். குழுவுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'நாம் தனியர் அல்லர்'! அதன் வழியே 1948-இல் ஃபவுண்டன் ஹவுஸ் என்ற இல்லம் எழுந்தது. அங்கே வருபவர் 'நோயாளி' அல்லர், 'உறுப்பினர்'. வேலையைச் சேர்ந்து செய்வார்கள், சேர்ந்து உண்பார்கள். சங்கம் என்றால் என்ன என்று தொழிலாளிக்கா விளக்க வேண்டும்? தனி ஆளை முதலாளி மிதிப்பான்; சங்கத்தை மிதிக்க அஞ்சுவான். நோயும் அப்படித்தான்; தனியாக இருப்பவனைத்தான் அது முழுதாக விழுங்கும்.

ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறோம். கூட்டம் மருந்துக்கு மாற்றன்று. பல ஆண்டு நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளிலே வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவமனை, அதோடு கூட்டம். மனநோய்க்கு மருந்து உண்பவரிடம், 'கூட்டத்துக்கு வந்துவிட்டாய், மாத்திரையை விடு' என்று எவன் சொன்னாலும் அவன் பகைவன். மனநோய்க் குழுக்களாலே நம்பிக்கையும் தன்மதிப்பும் ஓரளவு உயர்கின்றன என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. நோயே போய்விடும் என்று சொல்லவில்லை. துன்பம் மிகுந்து, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், எந்த நேரத்திலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம்; கட்டணம் இல்லை.

இனி நம் வேலை என்ன? ஊர்தோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். காலையிலே பத்திரிகை, மாலையிலே கேரம் பலகை, இடையிலே பூட்டு! வாரத்திலே ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், அந்த அறையை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். பெஞ்சு போடுங்கள், தேநீருக்கு அடுப்பு கொடுங்கள், சாவியை அவர்கள் கையிலே கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கொடி கட்டாதீர்கள். படம் எடுக்காதீர்கள். 'மாவட்டம் வருகிறார், இரண்டு வார்த்தை பேசுவார்' என்று சொல்லாதீர்கள். யார் யார் வந்தார்கள் என்று குறிப்பெழுதாதீர்கள். மாற்றுக் கட்சிக்காரன் வருவான்; வரட்டும்! அவன் கையும் நடுங்குகிறது. நம் பெயர் இல்லாமல் நடக்கும் நல்ல காரியம் ஒன்று ஊருக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

வீட்டிலே இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். குடித்தவன் உறங்கிவிடுவான், விடிய விடிய விழித்திருப்பவள் அவன் மனைவி. வில்சனின் துணைவியார் லோயிஸ் அம்மையார்தான், குடும்பத்தாருக்கென 1951-இல் அல்-அனான் என்ற தனிக் குழு அமைய முன்னின்றவர். நம் அம்மாக்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு மாலை வேண்டாமா?

இன்னொன்று. கசக்கும், சொல்லித்தான் தீர வேண்டும். ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்கும் இரவிலே பிரியாணிப் பொட்டலத்தோடு என்ன கொடுக்கப்படுகிறது? தேர்தல் நேரத்திலே சுவர் எழுதும் தோழருக்கு, சாயத்தோடு என்ன வாங்கிக் கொடுக்கப்படுகிறது? எல்லாக் கட்சியும் செய்கிறது என்பது விடையாகுமா? அந்தத் தோழரைக் குடிகாரராக்கியதிலே நமது கிளையின் காசும் கொஞ்சம் கலந்திருந்தது. பிறகு அவர் விழுந்தபோது, மேடையிலிருந்து நாம் சிரித்தோம்! இனி அந்தக் காசு நம் கையிலிருந்து போகக்கூடாது. இதற்குத் தீர்மானம் வேண்டாம், மாநாடு வேண்டாம். ஒவ்வொரு கிளைச் செயலாளரும் மனத்திலே எழுதிக்கொண்டால் போதும்.

நாம் பேச்சை விடப்போவதில்லை. பேச வேண்டிய அநீதிகள் நாட்டிலே நிறைய உண்டு. ஆனால், பேசாமல் செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு என்று அந்த வகுப்பறை நமக்குக் கற்றுக்கொடுத்தது. சென்ற வாரம் நம் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தார் அந்தத் தோழர். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எழுத்து நேராக இருந்தது. நேரம் பார்த்தார், "ஆறு மணிக்கு நம்ம கூட்டம் இருக்குண்ணே, கிளம்புறேன்" என்று தூரிகையை நம் கையிலே கொடுத்துவிட்டு இறங்கினார்.

அவர் 'நம்ம கூட்டம்' என்றது நமது பொதுக்கூட்டத்தை அன்று. அதற்காக நாம் வருந்தவில்லை. மீதி எழுத்தை நாமே எழுதி முடித்தோம், கோணலாகத்தான் வந்தது.